கிறகரி அண்ணை சொல்லிவந்த புயல்

ஆம்பிளையள் மூண்டு பேர் சனிக்கிழமை பின்னேரம் கூடினால் நாட்டுப் பிரச்சினையைக் கதைப்பினம், அது அலுத்தால் ஆற்றையும் குடும்பத்தை இழுப்பினம். மொன்றியல் லாசாலில நாங்கள் இருந்த மூண்டு மாடிக் கட்டடத்தின்ர பின்படிக்கட்டில கூடின மூண்டும் காத்தைப் பற்றிக் கதைச்சுதுகள். காத்து, முகில், மின்னல், ஆலங்கட்டி. எண்பத்தாறு, எண்பத்தேழு முழுக்க இதுதான். நான் மூண்டாம் மாடியில குசினி யன்னலோட தையல் மெசினைப் போட்டு, கொம்பனிக்காரன் மூட்டை மூட்டையாத் தந்துவிடுற காற்சட்டையளுக்குச் சிப் தைச்சுக்கொண்டிருப்பன். வேண்டாமெண்டாலும் காதில விழும்.

கிறகரி அண்ணை எங்களுக்கு எதிர்க்கதவு. மட்டக்களப்பார். அங்க நெல்லு வாங்கிற கந்தோரில கிளாக்கரா இருந்தவர். எண்பத்திநாலில மனிசி அல்போன்சம்மாவோடையும் ரெண்டு வயசு அனிற்றாவோடையும் வந்து, பிளாஸ்ரிக் போத்தல் செய்யிற பக்டரி ஒண்டில சேர்ந்தார். இரண்டாம் மாடியில பூபாலசிங்கம். திருகோணமலை, கலியாணம் கட்டாத ஆள், கோட்-டெ-நெய்ஜில ஒரு ஆசுப்பத்திரியில இரவுக் கிளீனிங். கீழ்வீட்டில லைல் எண்டு ஒரு வெள்ளைக்காரன். அமெரிக்காவில கன்சாஸ். வியற்நாம் சண்டைக்கு வாவெண்டு கடிதம் போன உடன எல்லையைக் கடந்து மொன்றியலுக்கு ஓடி வந்தவன். கிறகரி அண்ணையோட அதே பக்டரியில மெசின் திருத்திற வேலை. அவனும் எங்களைப் போல ஓடி வந்த சாதிதான். பதினெட்டு வருசம் முந்தி வந்ததால கொஞ்சம் கொழுத்திருந்தான், அவ்வளவுதான் வித்தியாசம்.

கதையைத் துவக்கிறது எப்பவும் லைல்தான். அவன்ர ஊரில வானம் முதல் பச்சையாகுமாம். பேந்து முகிலிலயிருந்து ஒரு வால் இறங்குமாம். அறுபத்தாறாம் ஆண்டு அவன் பள்ளிக்கூடப் பொடியனா இருக்கேக்கை ரொப்பீக்கா நகரத்தை அந்த வால் ஒரு கரையிலயிருந்து மற்றக் கரைக்கு உழுதுகொண்டு போனதாம். ஊரின்ர ஓரத்தில ஒரு குன்று இருந்ததாம், அது காத்தை மறிச்சு ஊரைக் காக்குமெண்டு சனம் தலைமுறையா நம்பியிருந்ததாம். வந்தது அந்தக் குன்றுக்கு மேலாலதான் ஏறி வந்ததாம். அவனும் தாயும் வீட்டுக்கு அடியில இருந்த பேஸ்மென்ற்றில தென்மேற்கு மூலையில மெத்தையைத் தலைக்குப் பிடிச்சுக்கொண்டு இருந்து தப்பினவையாம். வெளிய வந்து பார்த்தால் மேல வீடே இல்லையாம், முன்வீட்டுக்காரி மட்டும் குளியல் தொட்டியோட றோட்டில கிடந்தாவாம், உயிரில்லாமல்.

“எவ்வளவு நேரம் அடிச்சது?” எண்டு பூபாலசிங்கம் கேப்பார். ஒரு வீட்டுக்கு ஒரு நிமிசம் வராதெண்டுவான் லைல். உடன இவருக்கு இளக்காரம் வந்திடும். ஒரு நிமிசமும் ஒரு காத்தோ, எங்கட ஊரில அறுபத்திநாலாம் ஆண்டு நத்தாருக்கு முதல் விடிய விடிய அடிச்சது, கடல் எழும்பி வந்து படகுகளைத் தெருவில ஏத்திவிட்டது, நான் மாமரத்தோட என்னைக் கட்டிக்கொண்டு இருந்தனான் எண்டு துவங்குவார். மாமரம் ஒரு கிழமை பனையாகும், மறு கிழமை கோயில் தூணாகும். மூண்டு பேரும் தங்கடை தங்கடை காத்தைப் பெட்டைக்கு மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி ஏத்திக் கதைக்கிறதைக் கேக்க எனக்குச் சிரிப்பும் வரும், விசரும் வரும்.

கிறகரி அண்ணை லைல் சொன்னதை அப்பிடியே விழுங்குவார். அதுக்கு ஒரு காரணம் இருந்தது. அவர் படிச்ச பள்ளிக்கூடத்தில பாதர்மார் அமெரிக்கர். கணக்கும் பூமிசாத்திரமும் பாஸ்கற்போலும் எல்லாம் அமெரிக்கன் பாதர்மார்தான் படிப்பிச்சவை. அந்த மூக்கால வாற இங்கிலிசில ஒருத்தன் ஒண்டு சொன்னால் அவருக்கு அது கோயில் பிரசங்கம். பூபாலசிங்கம் சொன்னால் நக்கலடிப்பார், நான் சொன்னால் “தங்கச்சி, உனக்குத் தெரியாது” எண்டுவார், லைல் சொன்னால் தலையை ஆட்டுவார். வானம் பச்சையெண்டால் பேஸ்மென்ற், தென்மேற்கு மூலை, யன்னலெல்லாம் திறந்து விடு. இதை வீட்டில மனிசிக்கும் பிள்ளைக்கும் செபம் மாதிரிச் சொல்லிக் குடுத்து வச்சிருந்தார்.

கடைசியில அவரின்ர முறை வரும். எழுபத்தெட்டு, கார்த்திகை இருபத்துமூண்டு, மட்டக்களப்புச் சூறாவளி. அதுக்கு முன்னால மற்ற ரெண்டு பேரும் வாயை மூடுவினம். ஏனெண்டால் அதில அவருக்கு ஒரு பிள்ளை போனது. ரெஜினா, நாலு வயசு. பின்னேரம் துவங்கின காத்து இருட்டினாப்பிறகு கூரை ஓடுகளை ஒண்டொண்டாப் பிடுங்கினதாம். நடுவில சடாரெண்டு நிண்டதாம். ஒரு இலை ஆடேல்லையாம், மேல நட்சத்திரமும் தெரிஞ்சுதாம். முடிஞ்சுது எண்டு நினைச்சு மனிசியையும் பிள்ளையையும் வெளிய வரச்சொல்லி, பள்ளிக்கூடக் கட்டடத்துக்குப் போவமெண்டு ஒழுங்கையால நடந்தவையாம். பாதி வழியில மற்றப் பக்கத்தால திருப்பி அடிச்சதாம். முதல் அடிச்சதை விட ரெண்டு மடங்கு. தென்னையளெல்லாம் தலை முறிஞ்சு பறந்து வந்ததாம், தகரங்கள் வாள் மாதிரி வந்ததாம். பிள்ளை கையால நழுவிப் போயிட்டுதாம். “விடிய விடியத் தேடினனான்” எண்டு முடிப்பார். லைல் அவரின்ர தோளில கையை வைப்பான்.

இந்தக் கதை துவங்க, அல்போன்சம்மா அக்கா தன்ர வீட்டை விட்டிட்டு என்ர வீட்டுக்கு வந்திடுவா. வந்து நூல் வெட்டித் தருவா. மெலிஞ்ச மனிசி, அதிகம் கதையாது. முதல் முதல் நான் நினைச்சன், பிள்ளையின்ர நினைப்பைத் தாங்கேலாமல் வாறா எண்டு. எண்பத்தாறு மார்கழியில ஒருநாள், கீழ படிக்கட்டு முழுக்கப் பனி கிடந்ததால அவை மூண்டு பேரும் எதிர்வீட்டுக் குசினியில இருந்து கதைக்க, அந்த “விடிய விடியத் தேடினனான்” சுவரைத் தாண்டி வந்தது. அக்கா கத்திரிக்கோலைக் கீழ வச்சா.

“அந்த மனிசன் தேடயில்ல, குணேஸ்” எண்டா.

எனக்கு விளங்கேல்லை. அவ என்ர முகத்தைப் பார்க்காமலே சொன்னா. பிள்ளை அவரின்ர கையால போகேல்லையாம், இவவின்ர கையால போனதாம். காத்துத் திரும்ப அடிச்ச உடன அவர் ஓடிப் பள்ளிக்கூட விறாந்தைக்குப் போயிட்டாராம். இவ பிள்ளையோட வாய்க்காலுக்குள்ள விழுந்து, ஒரு தகரம் வந்து தோளில அடிக்கக் கை விட்டுப்போச்சாம். அவ பிளவுசை விலத்திக் காட்டினா, தோளிலயிருந்து முதுகு வரைக்கும் தையல் போட்ட தழும்பு. அந்த இருட்டுக்கை முழங்காலில தவண்டு தவண்டு தடவிக்கொண்டு அவரைக் கூப்பிட்டிருக்கிறா. ரெண்டு பேருக்கும் இடையில நாப்பது யார் தூரமும் இல்லையாம்.

“நான் கூப்பிட்டது கேட்டது. ஒருதரம் அங்கயிருந்து ‘அல்போன்சா’ எண்டார். மறுகா சத்தமில்ல. தூணைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு நிண்டவர், விடியும் வரைக்கும்.”

அப்ப அவரைக் கேக்கேல்லையோ எண்டு கேட்டன். கேட்டால் தேடினனான் எண்டுவார் எண்டா. ஊரில எல்லாருக்கும் சொல்லி, பிளேனேறி வந்து இஞ்சயும் சொல்லி, சொல்லிச் சொல்லி அவருக்கே அது உண்மையாப் போச்சுது எண்டா. திரும்பக் கத்திரிக்கோலை எடுத்து நூலை வெட்டினா. அண்டையில இருந்து கிறகரி அண்ணைக்கு ஒரு தேத்தண்ணி ஊத்திக் குடுக்கவும் எனக்கு மனம் வரேல்லை. சிரிச்சுக்கொண்டு “என்ன தங்கச்சி” எண்டு கேக்கேக்கை கன்னத்தில அறைய வேணும் போல கிடக்கும். அடுத்தவீட்டுக் குடும்பம், எனக்கென்ன எண்டு பல்லைக் கடிச்சுக்கொண்டிருந்தன்.

எண்பத்தேழு ஆடி பதினாலு செவ்வாய்க்கிழமை. ஒரு கிழமையா வெக்கை வாட்டி எடுத்தது. என்ர மனிசன் டவுன்டவுனில றெஸ்ரோறன்ற் குசினியில, கிறகரி அண்ணையும் லைலும் பக்டரியில, பூபாலசிங்கம் இரவு வேலை முடிச்சு வந்து நித்திரை. அல்போன்சம்மா அக்கா காலமை பேஸ்மென்ற்றுக்குப் போய் அங்க இருக்கிற உடுப்புத் தோய்க்கிற மெசினில உடுப்பைப் போட்டிட்டு வந்தவ. பத்துப் பன்னிரண்டு படி இறங்கினால் ஒரு இரும்புக் கதவு, உள்ளுக்கை ரெண்டு மெசின், ஆக்களின்ர தட்டுமுட்டுச் சாமான்கள். யன்னலெண்டு ஒண்டும் கிடையாது.

மத்தியானம் பன்னிரண்டு மணி தாண்ட இருட்டிக்கொண்டு வந்தது. சும்மா இருட்டில்லை. கண்ணாடிப் போத்தலுக்குள்ளால பார்க்கிற மாதிரிப் பச்சை. மெசின் படக்கெண்டு நிண்டது, கரண்ட் போச்சு. பேந்து இடி. ஒண்டு முடிய ஒண்டு எண்டில்லை, ஒண்டுக்குள்ள ஒண்டு. எனக்கு இடியெண்டால் பயம். ஓடிப்போய் எதிர்வீட்டுக் கதவில இடிச்சன். அக்கா அனிற்றாவை இடுப்பில வச்சுக்கொண்டு யன்னலால பார்த்துக்கொண்டு நிண்டா. ஆலங்கட்டி விழுந்து கீழ நிண்ட காரொண்டின்ர கண்ணாடி உடைஞ்சது. எதிர்ப்பக்கத்து மேப்பிள் மரம் நடுவால கிழிஞ்சு ஒரு பாதி டெப்பனர் எண்டுற மூலைக்கடையின்ர கூரையில விழுந்தது. றோட்டில தண்ணி ஏற ஏற, நடுவில இருந்த சாக்கடை மூடி தூக்கி எறியப்பட்டு, அந்த ஓட்டையால ஆளுயரத்துக்குத் தண்ணி பாய்ஞ்சது. நான் என்ர ஊர் அம்மனைக் கூப்பிட, அவ தன்ர மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தா.

அப்ப ரெலிபோன் அடிச்சது. அக்கா எடுத்தா. “ம்” எண்டா, “ம்” எண்டா, “சரி” எண்டு சொல்லி வச்சா.

அண்ணைதான் பக்டரியிலயிருந்து எடுத்தவராம், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உடன பேஸ்மென்ற்றுக்குப் போகட்டாம், தென்மேற்கு மூலையாம், வானம் பச்சையாம் எண்டு எனக்குச் சொன்னா. நான் கதவடிக்கு வெளிக்கிட்டிட்டன். அவ அசையேல்லை. கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, பிள்ளையை மடியில வச்சா.

“அண்டைக்கு வெளிய வா எண்டார், போனன். இண்டைக்குக் கீழ போ எண்டுறார். நான் போகமாட்டன், குணேஸ்.”

அப்ப திருப்பி ரெலிபோன் எடுத்து, கீழ போகேல்லை எண்டு சொல்லுங்கோவன், அந்தாள் நீங்கள் கீழ எண்டெல்லோ நினைக்கும் எண்டன். அவ “நினைக்கட்டும்” எண்டா. நான் ரெலிபோனைத் தூக்கினன், நம்பரை அவதான் சொல்ல வேணும், அவ வாய் திறக்கேல்லை. அப்பிடியொரு பிடிவாதத்தை அந்த மனிசியில நான் காணேல்லை. எனக்கு வந்த கோவத்துக்கு ரெலிபோனை அடிச்சு வச்சன்.

அரை மணித்தியாலம் இருக்கும். கீழயிருந்து ஒரு சத்தம் வரத் துவங்கினது, பெரிய பானையில கஞ்சி கொதிக்கிற மாதிரி. நாங்கள் மூண்டு பேரும் உள்படிக்கட்டால இறங்கிப் பார்த்தம். பேஸ்மென்ற் தரையில இருந்த சாக்கடைக் குழாயாலதான் தண்ணி மேல வந்தது. நாத்தமெண்டால் நாத்தம், தெருவின்ர கழிவு முழுக்க. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க, கீழ்ப்படியள் ஒவ்வொண்டாத் தண்ணிக்கை தாண்டது. இரும்புக் கதவின்ர பாதிக்குத் தண்ணி. உள்ளுக்கை என்னென்னவோ மோதுப்பட்டுச் சத்தம் கேட்டது. அந்த நேரத்தில அதுக்குள்ள இருந்திருந்தால் எண்டு நினைச்சன். மேல போவம் அக்கா எண்டு கையைப் பிடிச்சு இழுத்து இரண்டாம் மாடிப் படிக்கட்டு வளைவுக்கு ஏத்தினன்.

அப்பதான் முன்கதவை உதைச்சுத் திறந்துகொண்டு கிறகரி அண்ணை வந்தார். பின்னால லைல். லைலின்ர வான் பாலத்துக்குக் கீழ தண்ணிக்கை நிண்டுபோக, ரெண்டு பேரும் மிச்சம் ஓடி வந்திருக்கினம். அண்ணையின்ர ஒரு காலில சப்பாத்து இல்லை. அவர் மேல பார்க்கேல்லை. தன்ர மனிசி சரியெண்டு சொன்னால் செய்வா எண்டது அவருக்குப் பதினைஞ்சு வருசத்துப் பழக்கம். நேர பேஸ்மென்ற் படியால இறங்கி நெஞ்சளவு தண்ணிக்கை விழுந்து கதவைத் தள்ளினார். திறபடேல்லை. தோளால இடிச்சார், தலையால இடிச்சார். லைல் எங்கயோ ஒரு அலவாங்கைக் கொண்டு வந்து நெம்ப, கதவு விலகி ஆளைத் தண்ணி உள்ளுக்கை இழுத்தது.

நான் வாயைத் திறந்தன், நாங்கள் இஞ்ச நிக்கிறம் எண்டு கத்த. அக்கா என்ர மணிக்கட்டைப் பிடிச்சா. எலும்பு நொருங்கும் போல பிடி. மற்றக் கையால அனிற்றாவின்ர வாயைப் பொத்தினா.

நாங்கள் நிண்ட இடத்திலயிருந்து கைப்பிடிக் கம்பிக்கு இடையால அந்தக் கதவும் அதின்ர கறுத்த வாயும் தெரிஞ்சது. உள்ளுக்கை கும்மிருட்டு. அவர் கத்துறது கேட்டது, “அல்போன்சா”, “அனிற்றா”, திரும்பவும் “அல்போன்சா”. தண்ணிக்கை முங்கிறது, எழும்பிறது, மூச்சு வாங்கிறது, சாமானைத் தூக்கி எறியிறது. கண்ணாடி ஒண்டு உடைஞ்சது. பிரிட்ஜோ அலுமாரியோ ஏதோ அவருக்கு மேல சாஞ்சிருக்க வேணும், ஒரு குழறல் கேட்டது, லைல் உள்ளுக்கை பாய்ஞ்சான். அனிற்றா தாயின்ர உள்ளங்கையைக் கடிச்சுப் போட்டாள். ரத்தம் பிள்ளையின்ர நாடியால வழிஞ்சது. அக்கா கையை எடுக்கேல்லை. கண்ணையும் அந்தக் கதவில இருந்து எடுக்கேல்லை.

பேந்து அவர் வெளிய வந்தார். நெத்தி பிளந்து முகம் முழுக்க ரத்தம். கையில அனிற்றாவின்ர மஞ்சள் சட்டை. தோய்க்கப் போட்ட சட்டை, மெசின் மூடி திறந்து மிதந்திருக்குது. அவருக்கு அது தெரியுமோ? வெறும் சட்டையை நெஞ்சோட அமத்திக்கொண்டு அவர் குழறின குழறல் மனிசர் குழறுறது மாதிரி இல்லை. லைல் அவரைப் பிடிக்க வர, திரும்பி அவன்ர மூஞ்சியில குத்தினார். ஒரு குத்தில்லை. நீதானே பேஸ்மென்ற் எண்டு சொன்னனீ, நீதானே சொன்னனீ எண்டு சொல்லிச் சொல்லிக் குத்தினார். லைலின்ர மூக்கு உடைஞ்சு தண்ணி சிவந்தது. தான் சொன்னது காத்துக்கு, மழைக்கில்லை எண்டு அவன் கத்தினான். அது உண்மைதான், அவன்ர ஊரில சாவு மேலால வரும், இஞ்ச கீழால வந்தது. அவன் திருப்பி அடிக்கேல்லை. அண்ணை அவனை உதறிப் போட்டுத் திரும்பவும் அந்தக் கதவுக்குள்ள முங்கப் போனார்.

அப்பதான் அக்கா கையை எடுத்தா. பிள்ளை “அப்பா” எண்டு கத்தின கத்தலில கட்டடமே அதிர்ந்திருக்கும்.

அவர் திரும்பினார். தண்ணிக்கையிருந்து படியில தவண்டு ஏறி வந்தார். பிள்ளையின்ர காலைத் தொட்டார், முழங்காலைத் தொட்டார், முகத்தைத் தொட்டார், தன்ர ரத்தமெல்லாம் அவளில பூசினார். பிறகுதான் அக்காவை நிமிர்ந்து பார்த்தார்.

“எப்ப இருந்து நிக்கிறாய்?”

“நீங்க வந்ததில இருந்து.”

“ஏன் கூப்பிடயில்ல?”

“தேடுவீங்களா எண்டு பாத்தன்” எண்டா அக்கா.

அவர் அந்தப் படியிலயே குந்திட்டார். அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேல ஏறிப் போயிட்டா. லைல் மூக்கைப் பொத்திக்கொண்டு, என்ன நடந்தது எண்டு விளங்காமல் என்னைப் பார்த்தான். இவ்வளவுக்கும் பூபாலசிங்கத்தின்ர கதவு எங்களுக்குப் பக்கத்தில பூட்டிக் கிடந்தது. விடிய விடியப் புயல் பார்த்த மனிசன் மழை விட்டாப்பிறகுதான் எழும்பி வந்து என்ன நாத்தமெண்டு கேட்டது.

எனக்கு அக்காவில கோவம் வந்தது, சொல்லத்தான் வேணும். அண்டைக்குப் பின்னேரம் அவவின்ர கைக்கு மருந்து கட்டேக்கை கேட்டன், உங்கட வைராக்கியத்தில அந்தாள் உள்ளுக்கை செத்திருந்தால் என்ன செய்திருப்பியள் எண்டு. “சாகக்கூடும் எண்டு தெரியும்” எண்டா. அப்பதான் அழுதா. அந்த மனிசி அழுது நான் கண்டது அண்டைக்குத்தான். அவவோட சேர்ந்து நானும் அழுதன், கோவமும் அப்பிடியே கிடந்தது.

அதுக்குப் பிறகு அந்த வீட்டில பேச்சு இல்லை. அவர் நெத்தியில ஏழு தையலோட வேலைக்குப் போய் வருவார். அவ சமைச்சு மூடி வைப்பா. ஒரு கிழமை போக, அவ ரொறன்ரோவில இருக்கிற தங்கச்சி பிலோமினம்மாவுக்கு ரெலிபோன் எடுத்தா. ஆவணி ரெண்டாம் திகதி ஞாயிற்றுக்கிழமை காலமை எட்டு மணி பஸ். பிள்ளையோட போறா, திரும்பி வரமாட்டா. தேடினது போதாதோ எண்டு கேட்டன். அவர் தேடினதைத் தான் பார்த்ததாம், ஆனால் அந்தப் பொய்யோட இன்னும் ஒரு சனிக்கிழமை இருக்கேலாதாம். அவருக்குத் தெரியும், சூட்கேசு கதவடியில கிடந்தது. மறிக்கவும் இல்லை, கேக்கவும் இல்லை.

ஆடி முப்பத்தொண்டு வெள்ளிக்கிழமை கனடாவின்ர மேற்கில எட்மன்ரனில சுழல்காத்து அடிச்சது. இருபதுக்கு மேல சனம் செத்துப்போச்சுது எண்டு ரீவியில சொன்னான், ரெயிலர் வீடுகளைக் கையால பிசைஞ்சு எறிஞ்ச மாதிரிக் காட்டினான். மொன்றியலில தமிழரெண்டால் அந்தக் கிழமை இந்திய இலங்கை ஒப்பந்தத்தையும் ஊரில இந்தியன் ஆமி வந்து இறங்கினதையும்தான் கதைச்சவை. எங்கட பின்படிக்கட்டில அடுத்த நாள் சனிக்கிழமை பின்னேரம் எட்மன்ரன் ஓடினது. லைல் மூக்கில பிளாஸ்ரரோட வந்திருந்தான். கிறகரி அண்ணைக்கு ஒரு பியர் உடைச்சுக் குடுத்தான். நல்ல மனிசன்தான், நான் சும்மா சொல்லப்படாது.

நான் மெசினில, அக்கா பக்கத்தில நூலோட. லைல் ரொப்பீக்காவைச் சொன்னான். பூபாலசிங்கம் அந்தக் கிழமை மாமரத்தைப் புளியமரமாக்கினார். பிறகு, மனிசனுக்கு அறிவிருந்தால் வாயை மூடிக்கொண்டிருக்க வேணும், “கிறகரி, உன்ர மட்டக்களப்பைச் சொல்லு, இவன் எட்மன்ரன் எட்மன்ரன் எண்டுறான்” எண்டார்.

அக்கா எழும்பினா. எங்க போறது, அவ வழமையா ஓடி வாற இடமே என்ர வீடுதான். யன்னலைச் சாத்தக் கையை வச்சா.

கிறகரி அண்ணை இங்கிலிசில துவங்கினார். பின்னேரம் துவங்கின காத்து, ஓடு பறந்தது, நடுவில நிண்டது, தான் வெளிய வரச்சொன்னது. எல்லாம் வழமையாச் சொல்லுறதுதான். ஒழுங்கையில பாதி வழிக்கு வர, தமிழுக்கு மாறிட்டார். லைலுக்கு விளங்காதெண்டதும் அவருக்கு நினைவில்லை.

“நான் தேடயில்ல” எண்டார்.

“மெசினை நிப்பாட்டு புள்ள” எண்டா அக்கா. நான் காலை எடுத்தன்.

அவர் சொன்னார். காத்து அடிச்ச உடன பிள்ளையையும் மனிசியையும் விட்டிட்டு ஓடினதைச் சொன்னார். தூணைச் சொன்னார். அவ கூப்பிட்டது தனக்குக் கேட்டது, ஒருக்கா இல்லை, கன தரம் கேட்டது எண்டார். தான் ஒருதரம் அவவின்ர பேரைச் சொன்னதாம், சொன்ன உடன அவ தான் நிக்கிற பக்கம் வரச்சொல்லிக் கேட்டிடுவாவோ எண்டு பயந்து வாயைப் பொத்தினதாம். தன்ர வாயைத் தானே. பயத்தில மூத்திரம் போனதையும் சொன்னார், ரெண்டு ஆம்பிளையளுக்கு முன்னால. எட்டரை வருசமா எல்லாருக்கும் பொய் சொன்னனான், அண்டைக்குப் பேஸ்மென்ற்றில முங்கேக்கை கூடத் தன்ர காதுக்கை ரெஜினாவின்ர தாய் கூப்பிட்டதுதான் கேட்டது எண்டார். லைல் ஒரு சொல்லும் விளங்காமல் அவரின்ர முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்கா யன்னலில இருந்து கையை எடுத்தா. என்ர குசினிப் பின்கதவைத் திறந்துகொண்டு அந்த இரும்புப் படிக்கட்டால இறங்கினா. அந்தப் படியில அவ ஒருநாளும் கால் வச்சதில்லை. பூபாலசிங்கம் எழும்பி விலத்த, அவ கிறகரி அண்ணை இருந்த படிக்கு ரெண்டு படி மேல இருந்தா. முட்டிக்கொண்டில்லை, தூரவும் இல்லை.

“விடிய நீங்க வரேக்க புள்ள என்ர மடியில கிடந்திச்சு” எண்டா. “எங்க கண்டெடுத்தன் எண்டு இண்டுவரைக்கும் நீங்க கேக்கயில்ல.”

நான் மேல பின்கதவடியில நிண்டன். அவர் மெல்லத் திரும்பி அவவைப் பார்த்தார். நெத்தித் தையல் சிவந்து கிடந்தது.

“எங்க கண்டெடுத்தாய்?” எண்டு கேட்டார்.

அக்கா சொல்லத் துவங்கினா. வாய்க்காலில இருந்து துவங்கினா, எந்தப் பக்கம் தவண்டன், கையில முதல் என்ன தட்டுப்பட்டது எண்டு ஒவ்வொண்டாச் சொன்னா. அவர் ஒரு இடத்திலயும் காதைப் பொத்தேல்லை, தலையைக் குனியவும் இல்லை.